ஆண் குழந்தைக்கு விரை (விதை) இறங்கவில்லையா? பிறந்த நாள் முதல் அறுவைச் சிகிச்சை வரை என்ன செய்ய வேண்டும்

என் மகன் பிறந்த மறுநாள் குழந்தை மருத்துவர் அவனைத் தலை முதல் கால் வரை தொட்டுப் பார்த்துவிட்டு, "வலது பக்க விரை இன்னும் இறங்கலைம்மா. தானா இறங்கிடும், பார்த்துக்கலாம்" என்றார். டிஸ்சார்ஜ் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் "பார்த்துக்கலாம்" என்ற சொல்லை நம்பியே பதினான்கு மாதம் போய்விட்டது. ஒவ்வொரு தடுப்பூசியின்போதும் கேட்டேன், ஒவ்வொரு முறையும் அதே பதில். நடுவில் இரண்டு ஸ்கேன் எடுத்தோம். முதல் ஸ்கேனில் விரையே காணவில்லை என்றார்கள். அடுத்ததில் தொடை இடுக்கில் இருக்கிறது என்றார்கள். கடைசியில் குழந்தை அறுவை மருத்துவர் ஒருவர் அவனைப் படுக்கவைத்து, ஒரே நிமிடம் விரலால் தடவிப் பார்த்து, "இதோ இங்கே இருக்கு. ஆறாவது மாசமே வந்திருக்கலாமே" என்றார்.

அந்த ஆறு மாதக் கணக்கை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்காவது அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் எப்போது போக வேண்டும், என்ன கேட்க வேண்டும், எதை எடுத்துப் போக வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. முதல் நாளே எழுதி வாங்குங்கள்

கருவில் விரைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொடை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி விரைப்பைக்கு வருகின்றன. சில குழந்தைகளுக்கு வழியிலேயே நின்றுவிடுகிறது. முழு மாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 3 பேரிடம் இது இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் 100க்கு 30 வரைகூடப் போகும். ஆகவே இது அரிய நோயும் இல்லை, கர்ப்பகாலத்தில் நீங்கள் செய்த தவறும் இல்லை. எனக்கு இதை ஏற்றுக்கொள்ளவே பல வாரம் ஆனது.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் தாளில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தப் பக்கம், கைக்குத் தட்டுப்பட்டதா இல்லையா, தட்டுப்பட்டது என்றால் எந்த இடத்தில். இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பின்னாளில் அறுவை மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வியே "பிறந்தப்போ கீழே இருந்துச்சா?" என்பதுதான். பிறக்கும்போது கீழே இருந்து பிறகு மேலேறும் விரைகளும் உண்டு. என்னிடம் எந்தப் பதிவும் இல்லாததால் ஞாபகத்தில் இருந்ததைச் சொல்லித்தான் சமாளித்தேன்.

2. காத்திருக்கக் கூடாத நிலைகள்

ஒரு பக்கம் மட்டும் இறங்காமல், மற்றபடி குழந்தை நன்றாக இருந்தால் சில மாதம் பொறுக்கலாம். ஆனால் கீழே உள்ள இரண்டில் ஒன்று இருந்தால் பிறந்த உடனேயே பரிசோதனை வேண்டும்.

இரண்டு விரைகளுமே எங்கும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் அன்றே சொல்லுங்கள். வெளித்தோற்றத்தில் ஆணாகத் தெரியும் குழந்தை, உள்ளே பெண் குழந்தையாக இருந்து, அட்ரினல் சுரப்பிக் (சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி) கோளாறால் அப்படித் தெரிவதும் உண்டு. அந்தக் கோளாறில் உடலில் உப்பு குறைந்து முதல் சில வாரங்களில் உயிருக்கே ஆபத்து வரலாம். ரத்தப் பரிசோதனையிலும் குரோமோசோம் பரிசோதனையிலும் தெரிந்துவிடும். முடிவு வரும்வரை முன்தோல் நீக்கம் செய்யக் கூடாது.

விரை இறங்காததோடு சிறுநீர்த் துளை ஆண்குறியின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருந்தாலும் அதே அவசரம்தான்.

இவை தவிர, எந்த வயதிலும் தொடை இடுக்கில் திடீரென்று வீக்கம் வந்து, குழந்தை அடங்காமல் அழுது, வாந்தியும் எடுத்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இறங்காத விரையோடு குடலிறக்கமும் சேர்ந்திருக்கலாம். குடல் சிக்கிக்கொண்டாலும், விரை முறுக்கிக்கொண்டாலும் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காலையில் போகலாம் என்று இருக்காதீர்கள்.

3. வீட்டில் எப்படிப் பார்ப்பது

குளிரிலும், அழும்போதும், தொடும்போதும் விரைகள் தாமாகவே மேலே ஏறிக்கொள்ளும். ஆகவே டயப்பர் மாற்றும் அவசரத்தில் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். வெதுவெதுப்பான நீரில் குளிக்கும்போதோ, குளித்து முடித்துக் குழந்தை நிம்மதியாக இருக்கும்போதோ விரைப்பையைக் கண்ணால் பாருங்கள். இரண்டு பக்கமும் நிறைந்து தெரிகிறதா, ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா? பார்த்ததைத் தேதியோடு குறித்துவையுங்கள். சில நாள் கீழே, சில நாள் மேலே என்றால் அது ஏறி இறங்கும் விரையாக இருக்கலாம். அதற்குப் பொதுவாக அறுவை தேவைப்படாது. ஆனால் அதில் ஒரு பகுதி பின்னாளில் மேலேயே தங்கிவிடும் என்பதால் வருடம் ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்ட வேண்டும். "ஏறி இறங்குது, பரவாயில்லை" என்று கேட்டதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வருடாந்தரப் பரிசோதனையை விடாதீர்கள்.

நீங்களே அழுத்தித் தேட வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் கீழே நீவி விடச் சொல்பவர்கள் இருப்பார்கள். நீவி இறக்கிவிட முடியாது. மென்மையான உறுப்பில் அடிபடுவதுதான் மிச்சம்.

4. ஆறு மாதக் கணக்கு

தானாக இறங்க வேண்டிய விரை பெரும்பாலும் முதல் மூன்று நான்கு மாதங்களில் இறங்கிவிடும். அந்த மாதங்களில் ஆண் குழந்தைகளின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஒருமுறை உயர்ந்து அடங்கும். அதற்கும் இதில் பங்குண்டு என்று எனக்கு விளக்கினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அபூர்வம்.

ஆகவே ஆறாவது மாதம் முடியும்போதும் இறங்கவில்லை என்றால், குழந்தை அறுவை மருத்துவரையோ குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை மருத்துவரையோ பார்க்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆறு மாதத்தில் நிபுணரிடம் அனுப்பி, அடுத்த ஓராண்டுக்குள் அறுவையை முடிக்கச் சொல்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 12 மாதத்துக்குள் முடிப்பது நல்லது, 18 மாதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

குறைமாதக் குழந்தை என்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள், பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணுங்கள். 32ஆவது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ எட்டாவது மாதத்தில்தான் இந்த ஆறு மாதக் கணக்கு முடியும்.

ஒரு யோசனை. நான்காவது மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதே விரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கவில்லை என்றால் ஆறாவது மாதத்துக்கான நிபுணர் நேரத்தை அன்றே பதிவு செய்யுங்கள். நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதற்கு மேல் அறுவைக்கு வேறு வரிசை இருக்கும்.

"சீக்கிரம் செய்து என்ன ஆகப்போகிறது?" என்று வீட்டில் கேட்பார்கள். விரைப்பையின் வெப்பம் உடலின் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவு. மேலேயே தங்கும் விரை உடல் சூட்டிலேயே இருப்பதால், பின்னாளில் விந்தணுவாக வேண்டிய செல்கள் முதல் வயதுக்குப் பிறகு குறையத் தொடங்குகின்றன. புற்றுநோய் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. சுவீடனில் சுமார் 17,000 ஆண்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், 13 வயதுக்கு முன் அறுவை செய்தவர்களுக்கு அந்த வாய்ப்பு பொது மக்களைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். 13 வயதுக்குப் பின் செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். விரைப் புற்றுநோயே அரிது என்பதால் மடங்கைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஆனால் தள்ளிப்போடுவதால் எந்த நன்மையும் இல்லை. மகன் தந்தையாக முடியுமா என்ற கவலைக்கும் பதில் உண்டு: ஒரு பக்கம் மட்டும் என்றால் பிற ஆண்களுக்கு ஏறத்தாழச் சமமான வாய்ப்பு. இரு பக்கமும் என்றால்தான் குறைகிறது.

5. நிபுணர் அறையில்

நல்ல பரிசோதனைக்குக் கருவி தேவையில்லை. கதகதப்பான அறை, சூடான கை, அழாத குழந்தை, இவை போதும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தவளைபோலக் காலை விரித்து, இடுப்பெலும்பிலிருந்து விரைப்பை நோக்கி விரல்களை மெல்ல நகர்த்திப் பார்ப்பார்கள். சிலர் கையில் ஜெல் தடவிக்கொள்வார்கள். விரை கைக்குக் கிடைத்தால் அதை விரைப்பைவரை கொண்டுவந்து விட்டுப் பார்ப்பார்கள். சிறிது நேரம் அங்கேயே நின்றால் ஏறி இறங்கும் வகை. விட்டவுடன் மேலே போய்விட்டால் இறங்காத வகை. இறங்காத விரைகளில் பெரும்பாலானவை, ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம், இப்படிக் கைக்குக் கிடைத்துவிடும்.

என் மகனின் பரிசோதனை நேரம் அவனுடைய தூக்க நேரத்தில் அமைந்து, அவன் அழுத அழுகையில் முதல் முறை எதுவும் தெரியவில்லை. குழந்தை பால் குடித்து, தூங்கி எழுந்த வேளையாகப் பார்த்து நேரம் வாங்குங்கள்.

ஸ்கேன் விஷயம். நாங்கள் பணமும் மாதங்களும் இழந்தது இதில்தான். மேலே சொன்ன 2014 வழிகாட்டுதல், நிபுணரிடம் அனுப்பும் முன் அல்ட்ராசவுண்ட் எடுக்கத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. உள்ளே இருக்கும் விரையை ஸ்கேன் தவறவிடுவது சகஜம். "ஸ்கேனில் தெரியவில்லை" என்றால் "விரை இல்லை" என்று பொருள் இல்லை. ஸ்கேன் என்ன சொன்னாலும் அடுத்த படி மாறப்போவதில்லை. ஆகவே யாராவது எழுதிக் கொடுத்தால், "இந்த ரிசல்ட்டால சிகிச்சை மாறுமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். பிறந்த குழந்தைக்கு இரண்டாவது பகுதியில் சொன்ன சந்தேகம் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது உட்புறம் பார்க்க ஸ்கேன் தேவைப்படும்.

ஹார்மோன் ஊசியும் அப்படித்தான். ஊசி போட்டு இறக்கிவிடலாம் என்று எங்களுக்கும் ஒருவர் சொன்னார். பலன் குறைவு, இறங்கினாலும் மறுபடி ஏறிவிடும், விந்தணுவாக வேண்டிய இளம் செல்களுக்குக் கெடுதல் என்ற கவலையும் உண்டு. அதே வழிகாட்டுதல் இதையும் பரிந்துரைக்கவில்லை.

6. எந்த அறுவை

விரை கைக்குக் கிடைத்தால், தொடை இடுக்கில் ஒரு சிறு வெட்டும் விரைப்பையில் ஒரு சிறு வெட்டும் போட்டு, விரையை விடுவித்துக் கீழே இறக்கி, தோலுக்கு அடியில் ஒரு பை அமைத்து அதில் வைப்பார்கள். ஆர்க்கிடோபெக்ஸி என்பார்கள். குடலிறக்கத்துக்கு வழிவிடும் திறப்பு இருந்தால் அதையும் அப்போதே மூடிவிடுவார்கள். அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிவதுதான் வழக்கம். பெரும்பாலும் அன்று மாலையே வீடு திரும்பலாம்.

கைக்குக் கிடைக்காவிட்டால், மயக்கம் கொடுத்தபின் மறுபடி தடவிப் பார்ப்பார்கள். உடல் தளர்ந்த நிலையில் சில நேரம் அப்போது தட்டுப்படும். இல்லாவிட்டால் தொப்புள் வழியே லேப்பராஸ்கோப்பி, அதாவது சிறு துளையில் கேமரா விட்டு உள்ளே பார்ப்பது. உள்ளே விரை இருந்தால் இறக்குவார்கள். ரத்தக்குழாய் நீளம் போதாவிட்டால் இரண்டு கட்டமாகச் செய்வார்கள், நடுவில் ஏறத்தாழ ஆறு மாத இடைவெளி விட்டு. ரத்தக்குழாய்கள் பாதியில் முடிந்திருந்தால், அந்த விரை கருவிலேயே முறுக்கிக்கொண்டு அழிந்துபோயிற்று என்று பொருள். அந்தச் செய்தி மனதை வருத்தும். ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒரு விரையே பருவ வளர்ச்சிக்கும் குழந்தைப் பேற்றுக்கும் போதும்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: இந்த அறுவையை இந்த வயதில் அடிக்கடி செய்கிறீர்களா? மயக்க மருந்து கொடுப்பவர் சிறு குழந்தைகளுக்குப் பழகியவரா? ஒரே கட்டமா, இரண்டா? விரை சுருங்கிப்போகவோ மறுபடி மேலேறவோ எவ்வளவு வாய்ப்பு? இரண்டும் குறைவான வாய்ப்புதான். ஆனாலும் பதிலை அவர் வாயால் கேட்டுக்கொள்வது நல்லது.

7. ஆவணங்களும் செலவும்

ஒரு கோப்பில் இவற்றைச் சேருங்கள்: பிறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை, எல்லாப் பரிசோதனைச் சீட்டுகளும், ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கையோடு படமும், மருந்து ஒவ்வாமை விவரம், அண்மை எடை, காப்பீட்டு அட்டை, பெற்றோரின் அடையாள அட்டை. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

பெயரில் ஒரு சிக்கல் வரும். பிறந்த மருத்துவமனைச் சீட்டுகள் தாயின் பெயரோடு "பேபி ஆஃப்" என்று இருக்கும். காப்பீட்டில் குழந்தையின் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே குழந்தைதான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ் அவசியம். எங்களுக்கு ஒப்புதல் ஒன்பது நாள் தாமதமானது இதனால்தான்.

காப்பீட்டில் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பிறவிக் குறைபாடுகளுக்கு விலக்கு இருக்கிறதா? ஒரே நாளில் வீடு திரும்பும் அறுவைக்குப் பணம் தருவார்களா? நோய்க் குறியீட்டையும் கேட்பார்கள். பன்னாட்டு நோய்ப் பட்டியலின் பத்தாவது பதிப்பில் (ICD-10) இதற்குக் கியூ53 (Q53). மருத்துவரின் கடிதத்தில் அது இருந்தால் அலைச்சல் குறையும்.

மதிப்பீட்டை ஒற்றைத் தொகையாக வாங்காமல் பிரித்து வாங்குங்கள்: அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து கட்டணம், அறுவை அரங்கம், படுக்கை, மருந்துகள், முன் பரிசோதனைகள், பிந்தைய வருகைகள். முக்கியமாக, "மயக்கம் கொடுத்தபின் லேப்பராஸ்கோப்பி தேவைப்பட்டால் எவ்வளவு கூடும்?" என்று கேளுங்கள். அரங்கத்துக்குள் போனபிறகு வெளியே வந்து சொல்லப்படும் தொகை அதுவாகத்தான் இருக்கும். இரண்டு கட்டம் என்றால் இரண்டாவதுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். செலவில் சேராத ஒன்று உங்கள் விடுப்பு. ஒருவருக்காவது ஒரு வாரம் தேவை.

8. முந்தைய வாரமும் அந்த நாளும்

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் போன் செய்து சொல்லுங்கள். பெரும்பாலும் சில வாரம் தள்ளிவைப்பார்கள். தேதி போய்விடுமே என்று மறைத்தால், மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு மூச்சுச் சிக்கல் வரலாம். தடுப்பூசி போடும் தேதி அருகில் இருந்தால் எதை முன்னே, எதைப் பின்னே என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிக் காய்ச்சலையும் அறுவைக் காய்ச்சலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெறும் வயிறு விதி பொதுவாக இப்படி இருக்கும்: திட உணவும் பிற பாலும் 6 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு வரை, தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரமே இறுதியானது. எழுதி வாங்கி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரிடமும் சொல்லுங்கள். பாவம் பார்த்து யாராவது ஒரு வாய் ஊட்டிவிட்டால் அன்றைய அறுவை ரத்தாகிவிடும். முதல் ஆளாக நேரம் கேளுங்கள். பசியில் அழும் நேரம் குறையும்.

முதுகின் கீழ்ப்பகுதியில் வலிமறுப்பு ஊசி போடுவது வழக்கம். அதனால் சில மணி நேரம் கால்கள் தளர்ந்திருக்கும். இதை முன்பே சொல்லாததால், மகன் காலை அசைக்கவில்லை என்று நான் பதறிப்போனேன். மாலைக்குள் சரியாகிவிட்டது.

9. வீட்டுக்கு வந்தபின்

விரைப்பை வீங்கி நீலம் பாய்ந்து காணப்படும். பார்க்கவே வயிற்றைக் கலக்கும். ஓரிரு வாரத்தில் வடியும். முதல் இரண்டு மூன்று நாள் வலி மருந்தை, வலி வந்தபின் கொடுக்காமல் மருத்துவர் எடைக்குக் கணக்கிட்டுத் தந்த அளவில் நேரப்படி கொடுங்கள். தையல் பெரும்பாலும் தானே கரையும் வகைதான். எப்போது குளிப்பாட்டலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை துடைத்துவிட்டால் போதும். டயப்பர் அழுக்கானால் உடனே மாற்றுங்கள்.

இரண்டு வாரமாவது காலை விரித்து உட்காரும் எதுவும் வேண்டாம்: நடைவண்டி, ஏறி ஓட்டும் பொம்மை, குதிரை ஆட்டம். இடுப்பில் காலை அகட்டி உட்கார வைத்துத் தூக்குவதும் இதில் சேரும். பழக்கத்தில் கை தானாகத் தூக்கிவிடும், எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். இரண்டு கையிலும் ஏந்தித் தூக்குங்கள்.

காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், சிவப்பு பரவினாலும், சீழோ நிற்காத ரத்தமோ வந்தாலும், வாந்தி நிற்காவிட்டாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அன்றே கூப்பிடுங்கள்.

10. பின்தொடர்தல்

முதல் வருகை ஓரிரு வாரத்தில், காயத்துக்காக. அடுத்தது சில மாதம் கழித்து, விரை அங்கேயே நிற்கிறதா, அளவு சுருங்காமல் இருக்கிறதா என்று பார்க்க. இந்த இரண்டாவது வருகையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், குழந்தை நன்றாக ஓடி ஆடுவதால். அதன்பின் வருடம் ஒருமுறை வழக்கமான பரிசோதனையின்போது காட்டினால் போதும்.

பருவ வயதில் மகனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். குளிக்கும்போது மாதம் ஒருமுறை தானே தொட்டுப் பார்த்து, கட்டியோ வீக்கமோ தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று பழக்க வேண்டும். அறுவை செய்த பக்கத்தை மட்டுமல்ல, இரண்டையும். என் மகனுக்கு இப்போது மூன்று வயது. அறுவைக் குறிப்பும் டிஸ்சார்ஜ் தாளும் அவன் பெயர் எழுதிய உறையில் இருக்கின்றன. பதின்மூன்று வயதில் அவன் கையில் கொடுப்பேன்.